நமது பெண் பிள்ளைகளிடம் முதலில் கேட்டது யார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வாப்பாமாரும் உம்மாமாரும், வீட்டில் தங்கச்சிமார் இருக்கிற நாநாமாரும் கடைசிவரை வாசித்தால் நல்லது. எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் பல நாட்கள் பேசிப் பேசிச் சேர்ந்த விடயங்கள் இவை. அதனால்தான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம்.

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று. ஊரையும் வருடத்தையும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. இன்ஸ்டகிராமில் ஒருவனோடு நான்கு மாதம் பேசியிருக்கிறாள். கட்டாரில் வேலை, வயது இருபத்து நான்கு, நல்ல குடும்பம் என்று சொல்லியிருக்கிறான். முந்தானை இல்லாமல் ஒரு போட்டோ கேட்டான், அனுப்பினாள். அடுத்த கிழமை பேச்சு மாறியது. காசு வேண்டும், இல்லாவிட்டால் போட்டோ வாப்பாவின் போனுக்கும் ஊர் வட்ஸ்அப் குழுவுக்கும் போகும் என்றான். பிள்ளை காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைக்கப் போன இடத்தில்தான் விடயம் வெளியே வந்தது.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று முடிவு வந்தது. போனைப் பறிக்க வேண்டும். பாடசாலையை நிறுத்த வேண்டும். நல்ல மாப்பிள்ளை ஒன்றைப் பார்த்துக் கெதியாக முடித்துவிட வேண்டும். மூன்றும் அவளைப் பற்றிய முடிவுகள். ஒன்றைப் பற்றியும் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

பிறகு எங்களில் ஒரு டீச்சர் அவளைத் தனியாக இருத்திக் கேட்டார், "ஏன் மகள், முகம் தெரியாத ஒருத்தனை இவ்வளவு நம்பினாய்?"

அவள் சொன்னது இதுதான். "டீச்சர், எனக்கு என்ன விருப்பம், நான் என்னவாக வர ஆசை, எதுக்குப் பயம் எண்டு என்னட்டக் கேட்ட முதல் ஆள் அவன்தான்."

இந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுபதில் இருக்கவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். நமது பெண்களிடம் 'உனக்கு என்ன விருப்பம்' என்ற கேள்வி எப்போது கேட்கப்பட்டது, எங்கே நின்று போனது என்று தேடினோம். கிடைத்ததைக் கீழே எழுதுகிறோம்.

கேள்வி இருந்த காலம்

நமது மார்க்கத்தின் ஆரம்பத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. கதீஜா நாயகி தனக்கு யார் வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்து, நபீஸா என்ற பெண் மூலமாகப் பேச்சை அனுப்பினார்கள். இதை ஒவ்வொரு மீலாத் மேடையிலும் சொல்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் மறந்து விடுகிறோம்.

மதீனாவில் கன்ஸா பின்த் கிதாம் என்ற அன்ஸாரிப் பெண்ணை அவரது தகப்பன், அவருக்கு விருப்பம் இல்லாமலே ஒருவருக்கு முடித்துக் கொடுத்தார். கன்ஸா ரஸூலுல்லாஹ்விடம் போய் முறையிட்டார். அந்தத் திருமணம் ரத்தாக்கப்பட்டது. ஸஹீஹுல் புஹாரியில் உள்ள செய்தி இது.

பரீராவின் கதை இன்னும் ஆழமானது. அடிமையாக இருந்து விடுதலையானவர். விடுதலையானதும், கணவன் முகீஸோடு தொடர்வதா பிரிவதா என்று தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. பிரிவதென்று முடிவெடுத்தார். முகீஸ் மதீனாத் தெருக்களில் அவருக்குப் பின்னால் அழுது கொண்டே நடந்தார். அவரைத் திரும்ப ஏற்கலாமே என்று நபியவர்கள் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, சிபாரிசு மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லி விட்டார். யாரும் அவரை அடங்காதவள் என்று ஏசவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண்ணுக்கு அல்லாஹ்வின் தூதர் கொடுத்த இடம் அது. நாம் பெற்று வளர்த்த பிள்ளைக்கு அதில் எத்தனை பங்கு கொடுத்திருக்கிறோம்?

கோடு இல்லாத பதிவேடு

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1806இல் ஆங்கிலேயர் இங்குள்ள முஸ்லிம்களுக்கென்று ஒரு சட்டக் கோவையை ஏற்படுத்தினார்கள். 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காதி நீதிமன்ற முறைக்கு வழி செய்தது. அதன் இடத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வந்தது. இன்று நாம் சண்டை பிடிக்கிற சட்டம் அதுதான்.

சட்டத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. கலியாணப் பதிவேட்டை எத்தனை பேர் நிதானமாகப் பார்த்திருக்கிறோம்? அந்தச் சட்டத்தின்படி மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார். பெண்ணின் வலி ஒப்பமிடுகிறார். நிகாஹ் செய்து வைப்பவரும் சாட்சிகளும் இருக்கிறார்கள். மணப்பெண்ணின் கையொப்பத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஷாபிஈ மத்ஹபில் வலி தேவை என்பது நமக்குத் தெரியும், அதை நாங்கள் மறுக்கவில்லை. வலி வேண்டும் என்ற சட்டம், அவளும் வேண்டும் என்று ஏன் எழுதவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. சம்மதம் கேட்பது மார்க்கம். அதை எழுதி வைக்க ஒரு கோடு போடுவதற்கு மார்க்கம் எங்கே தடுத்தது?

இதே சட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையின் கலியாணத்தைக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்றும் இருந்தது. 1995இல் நாட்டின் பொதுச் சட்டத்தில் கலியாண வயது பதினெட்டாக உயர்ந்தபோது அந்த மாற்றம் நமது பிள்ளைகளைச் சேரவில்லை. 2009இல் நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையில் சீர்திருத்தத்துக்கென்று ஒரு குழு அமைக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல். ஒன்பது வருடம். அந்தக் குழு அமைந்த வருடம் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை அறிக்கை வரும்போது சாதாரண தரப் பரீட்சையை நெருங்கியிருந்தாள். அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை.

இன்னொன்றையும் இதனோடு வைத்துப் பாருங்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நமது நாட்டில் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. நமது பூட்டிமார் அரசாங்க சபைக்கு ஆள் தெரிவு செய்யலாம் என்று நாடு ஏற்றுக் கொண்டது. அதற்கு இருபது வருடத்துக்குப் பிறகு எழுதிய சட்டத்திலும், தன் கலியாணப் பதிவேட்டில் அவள் பெயர் எழுத ஒரு கோடு போடப்படவில்லை.

எழுதப் படிப்பித்தால் கெட்டுப் போவாள்

பெண் பிள்ளையின் கையில் புதிய கருவி ஒன்று வரும்போது நாம் பயப்படுவது போனோடு ஆரம்பித்ததல்ல. முதலில் பயந்தது பேனாவுக்கு.

நமது மூத்த பெண்களில் பலர் குர்ஆன் ஓதவும், அரபுத் தமிழில் எழுதிய மார்க்கக் கிதாபுகளை வாசிக்கவும் தெரிந்தவர்கள். எழுதச் சொன்னால் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாமல் போனது எப்படி? எங்களில் ஒருவரின் உம்மும்மா காரணம் சொல்லியிருக்கிறார்: "எழுதப் படிச்சா ஆம்புளைக்குக் கடுதாசி எழுதுவாளாம்." இந்தப் பேச்சு இந்தியாவின் முஸ்லிம் வீடுகளிலும் இருந்தது. வாசிப்பு என்றால் மற்றவர் சொல்வதை அவள் கேட்பது. எழுத்து என்றால் அவள் சொல்ல ஆரம்பிப்பது. பயம் அங்கேதான் இருந்தது.

அந்தப் பயம் இருந்த காலத்தில்தான் கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை எழுந்தார். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்தார். 1885இல் அஸன்பேயுடைய கதையை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று அது. 1890களின் தொடக்கத்தில் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை திறந்தார். எதிர்ப்புக்குக் குறைவிருக்கவில்லை. இன்று அவரது பெயரில் பாடசாலைகள் இருக்கின்றன. அவர் கேட்ட கேள்விகளை நாம் கேட்கிறோமா தெரியாது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஆரம்பமானது. அதன் அதிபராக இருந்தவர் மலபாரில் பிறந்து இங்கு வந்த ஆயிஷா ரஊப். 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், 1952இல் பிரதி மேயரானார். எழுபது வருடத்துக்கு முன் நமது சமூகத்துப் பெண் ஒருவர் தலைநகரின் பிரதி மேயர். இதைச் சொன்னால் எங்கள் மாணவிகள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த ஆச்சரியத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான்.

படிப்பு வந்தது. டீச்சர்மார் வந்தார்கள், டொக்டர்மார் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் நமது பிள்ளைகள் நிறைந்தார்கள். என்றாலும் ஒரு பகுதி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. என்ன பாடம் படிப்பது, எது வரை படிப்பது, யாரை முடிப்பது என்பதெல்லாம் மற்றவர்கள் பேசும் விடயமாகவே இருந்தது. பட்டம் அவளுடையது, முடிவு மற்றவர்களுடையது.

கிழக்குக் கரையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கு வீடு பெண் பிள்ளையின் பேரில். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வெளியில் இருந்து வரும் ஆய்வாளர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள். அந்த வீட்டைக் கட்டி முடிக்க வாப்பாவும் நாநாமாரும் வெளிநாட்டில் எத்தனை வருடம் எரிந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த அன்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். ஜன்னலுக்கு என்ன நிறம் என்று அவளிடம் கேட்ட வாப்பா, அந்த வீட்டுக்குள் வரப்போகிறவனைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டார்?

முகம் தெரியாதவன் புதியவன் அல்ல

'முன்பின் தெரியாதவனோடு பேச்சு' என்று தலையில் அடித்துக் கொள்கிறோம். இதிலும் வரலாறு நம்மைக் கொஞ்சம் சிரிக்க வைக்கும்.

மணமகள் தேவை என்று அச்சில் விளம்பரம் போடும் வழக்கம் முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1695 ஜூலையில் லண்டனில் ஜோன் ஹௌட்டன் நடத்திய வாரத் தாளில் அப்படி ஒன்று வந்தது. முப்பது வயதான கனவான் ஒருவருக்குப் பெண் தேவை, பெண்ணிடம் 3000 பவுண் அளவில் சொத்து இருக்க வேண்டும் என்று இருந்தது. ஆரம்பமே சீதனத்தோடுதான்! பிறகு நமது நாட்டு ஞாயிறு பத்திரிகைகளிலும் மணமகள் தேவை, மணமகன் தேவை என்று பக்கம் பக்கமாக வந்தது. வயது, உயரம், தொழில், வீடு வளவு, சீதனம் எல்லாம் அதில் இருக்கும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது இருக்காது.

1970களின் பிற்பகுதியில் வளைகுடா வந்தது. ஊரில் பாதிப் பேர் வெளிநாடு. உம்மாமாரும் பணிப்பெண்களாகப் போனார்கள். உம்மாவின் குரலைக் கசட்டில் மட்டும் கேட்டு வளர்ந்த பெண் பிள்ளைகள் நமது ஊர்களில் உண்டு. அந்தக் காலத்தில் கலியாணம் எப்படி நடந்தது? மாப்பிள்ளை ஜித்தாவில், பெண் இங்கே. தரகர் ஒரு போட்டோவைக் கொண்டு வருவார், ஒரு போட்டோவைக் கொண்டு போவார். போட்டோவிலேயே முடிவாகும். மாப்பிள்ளை பதினைந்து நாள் லீவில் வருவார், நிகாஹ் முடியும், திரும்பிப் போவார். சில நிகாஹ் ரெலிபோனிலேயே முடிந்தது.

ஆக, முகம் தெரியாத, தூரத்தில் இருக்கிற, சொன்னதெல்லாம் உண்மையா என்று தெரியாத ஒருவனிடம் பெண் பிள்ளையை ஒப்படைக்கும் வேலையை நாமே இரண்டு தலைமுறையாகச் செய்து வந்தோம். அவன் குடிப்பவனா, வேறு குடும்பம் வைத்திருக்கிறானா என்று நிகாஹ்வுக்குப் பிறகு தெரிய வந்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. அப்போது நாம் அதைக் கத்ர் என்றோம். இன்று அவளே ஒருவனை நம்பி ஏமாந்தால் அதை நடத்தை என்கிறோம். ஏமாற்றம் ஒன்றுதான். யார் நம்பியது என்பதில்தான் வித்தியாசம்.

படிவம் கேட்ட கேள்விகள்

இணையத்தில் துணை தேடும் தளங்களின் காலம் 1990களில் ஆரம்பமானது. மெட்ச் டொட் கொம் 1995இல் வந்தது. இந்தியக் குடும்பங்களுக்கு ஷாதி டொட் கொம் வந்தது. 2000இல் பிரித்தானியாவில் சிங்கிள்முஸ்லிம் டொட் கொம் வந்தது. 2006இல் பேஸ்புக் எல்லாருக்கும் திறந்தது. 2012இல் டின்டர் வந்தது. 2015இல் லண்டனில் ஷஸாத் யூனுஸ் என்பவர் முஸ்லிம்களுக்கென்று மஸ்மெட்ச் என்ற செயலியை வெளியிட்டார். இப்போது அதன் பெயர் மஸ். போட்டோவை மங்கலாக வைக்கவும், உரையாடலில் வலியைச் சேர்க்கவும் அதில் வசதி உண்டு.

இந்தச் செயலிகளுக்கு நாங்கள் விளம்பரம் செய்யவில்லை. வியாபாரத்துக்காக நடத்துகிறவை அவை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அந்தப் படிவத்தை நிரப்பும் பெண் தன்னைப் பற்றித் தானே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. மார்க்கத்தில் எவ்வளவு ஈடுபாடு, எப்போது கலியாணம் முடிக்க விருப்பம், எப்படிப்பட்டவர் வேண்டும், தன்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று படிவம் கேட்கிறது. தரகரின் பயோடேட்டா இதை அவளிடம் கேட்கவில்லை. பதிவேடும் கேட்கவில்லை.

நமது பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தச் செயலிகளுக்குப் போவதில்லை. அவர்களுக்கு இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் வட்ஸ்அப்பும்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் போனுக்கு மாறியது. தனக்கென்று ஒரு போன் அப்போதுதான் கிடைத்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னவர்களே நாங்கள்தான். பயன்படுத்தும் முறையை நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை, வீட்டிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அடையாளம் பற்றி அறிஞர்கள் சொன்னது

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் எரிக் எரிக்ஸனைப் படித்தோம். கட்டிளமைப் பருவத்தின் பெரிய வேலை 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை தேடுவது என்றார் அவர். 1968இல் வந்த அவரது நூலில் பெண்களைப் பற்றி இன்னொரு கருத்தும் இருக்கிறது. இளம் பெண்ணின் அடையாளத்தில் ஒரு பகுதி, அவள் சேரப்போகும் ஆணுக்காகத் திறந்தே இருக்கும் என்ற பொருளில் எழுதினார். பிறகு வந்த பெண் ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். எரிக்ஸனின் பெயரையே கேட்டிராத நமது ஊர்ப் பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "அதெல்லாம் கட்டினவன் பாத்துக் கொள்ளுவான்" என்ற ஒரு வசனத்தில் முழுக் கோட்பாடும் இருக்கிறது.

எரிக்ஸனைப் பின்தொடர்ந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் ஒரு வகைப்படுத்தலைச் செய்தார். சிலர் தேடிப் பார்த்து, யோசித்து, தங்கள் பாதையைத் தெரிவு செய்கிறார்கள். சிலர் தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே தங்களது என்று எடுத்துக் கொள்கிறார்கள். அவர் அந்த ஆய்வைச் செய்தது ஆண் மாணவர்களிடம் மட்டும். பெண்களின் அடையாளம் எப்படி வளர்கிறது என்று பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தவர் ருதெலன் ஜோஸல்ஸன். அவரது முதல் நூல் 1987இல் வந்தது. உறவுகளை அறுத்துக் கொண்டுதான் ஒருவர் தன்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் பெண்களுக்குப் பொருந்தாது, பெண்கள் உறவுகளுக்கு உள்ளே இருந்தே தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அவரது ஆய்வின் சாரம்.

இது நமக்கு நல்ல செய்தி. பிள்ளை தன்னைத் தேடுவது என்றால் வீட்டை விட்டுப் போவது என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்குள்ளேயே, உம்மா வாப்பாவோடு பேசிக் கொண்டே அவள் தேடலாம். பேசுவதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் பேசுவதற்கு ஆள் போனில் இருக்கிறான். அவன் நல்லவனாகவும் இருக்கலாம். எங்கள் மாணவியின் போட்டோவை வைத்துக் காசு கேட்டவனாகவும் இருக்கலாம். 'உனக்கு என்ன விருப்பம்' என்று அதற்கு முன் யாரும் கேட்டிராத பிள்ளைக்கு, அந்த இருவரையும் பிரித்தறியத் தெரியாது. முதல் முறையாகக் கேட்கும் கேள்வி இனிக்கும். பழகிய கேள்வியாக இருந்திருந்தால், கேட்கிறவன் ஏன் கேட்கிறான் என்று அவள் யோசித்திருப்பாள்.

இனி என்ன செய்வது?

அவசரம் வந்தால் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறோம். போட்டோவை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். பயத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். அவன் அனுப்பிய செய்திகளையும் அவனது கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு அவனைத் தடுத்து, அந்தத் தளத்துக்கும் முறையிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. காதி முறைக்கு வழி செய்த கட்டளைச் சட்டத்தின் வருடமும் அதுதான், மறக்க மாட்டீர்கள். பெண்களுக்கு 1938. பொலிஸில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவும் இருக்கிறது. குற்றம் செய்தது மிரட்டியவன். பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, குற்றவாளியை விட்டு விட்டுப் பாதிக்கப்பட்டவளுக்குத் தண்டனை கொடுப்பது.

ஆண் பிள்ளைகளின் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. மிரட்டுகிறவனும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு உம்மாவின் மகன். பெண் பிள்ளையின் போனைப் பார்க்கிற நாம், மகனின் போனில் யாருடைய போட்டோ இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

மற்றது மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை. கலியாணப் பேச்சு வரும் வரை காத்திருந்து, அன்று திடீரென்று 'சம்மதமா' என்று கேட்டால் அவள் தலையைக் குனிவாள். மௌனம் சம்மதம் என்று நாம் எழுந்து விடுவோம். சின்ன விடயத்தில் இருந்தே கேட்டுப் பழகிய பிள்ளையின் மௌனம்தான் சம்மதம். கேட்டே பழகாத பிள்ளையின் மௌனம் பழக்கம், அவ்வளவுதான். ஆறாம் தரத்தில் எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கேளுங்கள். ஒன்பதாம் தரத்தில் எந்தப் பாடம் என்று கேளுங்கள். உயர்தரத்தில் எந்தத் துறை என்று கேளுங்கள். அவள் 'வேணாம்' என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள், அடக்காதீர்கள். நம்மிடம் 'இல்லை' சொல்லிப் பழகிய பிள்ளைதான் போட்டோ கேட்கிறவனிடமும் 'இல்லை' சொல்வாள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அதிபர் உறுதியாக நின்றார். பாடசாலையில் இருந்து நிறுத்தவில்லை. முறைப்பாடு போனது, மிரட்டியவனின் கணக்கு மறைந்தது. வந்த மாப்பிள்ளைப் பேச்சு இரண்டையும் பரீட்சை முடியும் வரை பேசுவதில்லை என்று வாப்பா ஒத்துக் கொண்டார். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. தோடு காதில் இருக்கிறது.

ஒருநாள் வாப்பா பாடசாலைக்கு வந்தார். கடை வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். எங்களுக்கு முன்னால் மகளைப் பார்த்து, "ஒனக்கு என்ன படிக்க விருப்பம் மகள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார். அவருக்கும் அது முதல் தடவை போல.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிச்சிச் சொல்றன் வாப்பா" என்றாள்.

யோசிக்கட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இன்றிரவு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.